பேண்டை விட்டு விலகிய பின் தனி ஆளாகத் தமிழ்க் கிறிஸ்தவ மெட்டல்: எங்கிருந்து தொடங்குவது?

பொறையாறு ரிஃப்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம். பேண்டிலிருந்து விலகியாச்சு. மனஸ்தாபம் எதுவும் இல்லை. அவங்க ஆராதனைப் பாடல்கள் பக்கம் போறாங்க, எனக்கு மெட்டல்தான் வேணும். இனி தனி ப்ராஜெக்ட். முழுக்கத் தமிழ். புலம்பல் சங்கீதங்களை, முக்கியமா 88-ஆம் சங்கீதத்தை, மையமா வெச்சு ஐந்து பாட்டு. ரிதம் கிட்டாரும் குரலும் நான்.

கையில் இருப்பது: ஹம்பக்கர் பிக்கப் போட்ட 25.5 இஞ்ச் ஸ்கேல் கிட்டார், இரண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ், லேப்டாப், ரீப்பர் ரெக்கார்டிங் மென்பொருள். வீடு பழைய ஓட்டு வீடு, கடல் பக்கம்.

கேள்விகள்:
டிராப் சி-க்கு (அடிக்கம்பி சி சுரம்) இறக்கினா கம்பி தொளதொளன்னு அடிக்குது, ரெக்கார்டிங்கில் ஒரு இரைச்சலும் வருது. டிரம்மர் கிடையாது, புரோகிராம் பண்ணினா மெஷின் மாதிரி இருக்கு. பேண்டில் நான் எழுதின மூணு பாட்டை எடுத்துக்கலாமா? வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனை ஒண்ணை மெட்டலாக்க ஆசை, அதுக்கு யார்கிட்ட அனுமதி கேக்கணும்? சொந்தப் பெயரில் வெளியிடறதா, ப்ராஜெக்டுக்குத் தனிப் பெயர் வைக்கறதா?

கும்மோணம் கேபினட்:

தம்பி, கம்பியிலிருந்து ஆரம்பிப்போம். இது சரியாகாமல் மற்ற எதுவும் சரியாகாது.

10-46 செட்டைத்தான் (மெல்லிய கம்பி 0.010, அடிக்கம்பி 0.046 இஞ்ச் தடிமன்) போட்டிருப்பீங்கன்னு நினைக்கிறேன். அடிக்கம்பி ஈ-யிலிருந்து சி-க்கு இறங்கினா நான்கு அரைச்சுரம். கம்பியின் இறுக்கம் சுமார் 37 சதவீதம் போயிடும். அந்த நிலையில் ஓங்கி அடிச்சா, அடி விழுந்த நொடியில் சுரம் மேலே ஏறி அப்புறம் கீழே இறங்கும். இரண்டு தடவை வாசிச்சு இடம் வலமா வைக்கும்போது இரண்டும் ஒட்டாம பிசிறு தட்டுறதுக்குக் காரணம் அதுதான். அடிக்கம்பி 56 போடுங்க, 11-56 அல்லது 12-56 செட். பழைய இறுக்கம் கிட்டத்தட்டத் திரும்பிடும்.

கனமான கம்பி போட்டதும் மூணு வேலை இருக்கு. முதலாவது நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காருற பள்ளக்கட்டை): 46-க்கு வெட்டின பள்ளத்தில் 56 சிக்கிக்கும். டியூன் பண்ணும்போது ‘டிக்’னு சத்தம் வந்து சுரம் தாவினா அதுதான் அறிகுறி. பள்ளத்தை அகலமாக்கணும், ஆழமாக்கக் கூடாது. இரண்டாவது நெக்: முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடிச்சு, 7-8ஆம் ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்க. 0.2 முதல் 0.25 மி.மீ. போதும். அளக்க, டூவீலர் மெக்கானிக் டேப்பெட் பார்க்கிற ஃபீலர் கேஜே போதுமானது. ட்ரஸ் ராடை (நெக்குக்குள் இருந்து வளைவைத் திருத்துற இரும்புத் தண்டு) கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீங்க. ஒரு நாள் விட்டு மறுபடி அளங்க. ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரம் குடிச்சு நெக் நகரும். கோடையில் செட் பண்ணினது அப்போ இருக்காது, அதனால் மழை தொடங்கினதும் ஒரு தடவை அளந்துடுங்க. மூணாவது இன்டொனேஷன் (எந்த ஃப்ரெட்டில் அழுத்தினாலும் சுரம் சரியா நிற்கிறது): 12ஆம் ஃப்ரெட் ஹார்மானிக்கை விட அழுத்தின சுரம் ஏறியிருந்தா, பிரிட்ஜில் கம்பி உட்காருற சாடிலைப் பின்னால் தள்ளணும்.

கடல் காத்தில் கம்பி சீக்கிரம் மங்கும். ரிதம் டிராக் எல்லாத்தையும் புதுக் கம்பி போட்ட கையோடு வாசிச்சுடுங்க, லீடைப் பிறகு பார்க்கலாம். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் டியூனர் பாருங்க. டியூன் பண்ணும்போதும் பாட்டில் அடிக்கிற அதே பலத்தில் அடிங்க.

இரைச்சலுக்கு வருவோம். லேப்டாப் சார்ஜரைக் கழட்டிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்க. இரைச்சல் நின்னா கோளாறு பெரும்பாலும் எர்த்திங்கில். பழைய வீடுகளில் மூணு பின் சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. எலக்ட்ரீஷியனை வெச்சு, வீட்டு லோடு ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்க. 2-3 வோல்ட்டுக்கு மேல் இருந்தா எர்த் குழியைப் பார்க்கணும். கடலோரத்தில் பெரும்பாலும் குழியில் உள்ள கிளாம்ப்பும் வயரும் துருப்பிடிச்சிருக்கும். இரைச்சல் போகணும்னு எர்த் பின்னை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வெட்டிடாதீங்க. கிட்டார் கம்பியும் மைக்கும் ஒரே ஆள் கையிலும் வாயிலும் இருக்கும்போது அது உயிருக்கு ஆபத்து.

சார்ஜரைக் கழட்டியும் நிற்கலைன்னா ஃபேன் ரெகுலேட்டர். குமிழ் திருகுற எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்சார அலையை நறுக்கித்தான் வேகத்தைக் குறைக்குது, அந்த நறுக்கல் பிக்கப்பில் கேக்கும். ஃபேனை நிறுத்துங்க, இல்லாட்டி முழு வேகத்தில் விடுங்க. கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடுறப்ப மட்டும் இரைச்சல் வந்தா அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரா இருக்கும். அந்த நேரத்தில் பேட்டரியிலேயே வாசிங்க.

ரெக்கார்டிங்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். இன்ஸ்ட்ருமென்ட் இன்புட்டில் செருகி, ஓங்கி அடிக்கும்போது உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 8 டெசிபெலுக்குள். பஃபர் 128 வெச்சா ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட் தாமதம், கைக்குத் தெரியாது. ஆம்ப் ப்ளகின் வழியாக் கேட்டுக்கிட்டே வாசிங்க, ஆனா பதிவாக வேண்டியது சுத்தமான டிஐ சிக்னல் (ஆம்ப் ஒலி சேராத நேரடி கிட்டார் ஒலி). நியூரல் ஆம்ப் மாடலர் ப்ளகின் இலவசம், அதோட ஒரு 4x12 கேபினட் ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பிடிச்ச ஃபைல்) சேர்த்தால் போதும். வரிசை இப்படி: நாய்ஸ் கேட், அடுத்து ஓவர்டிரைவ் (டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு), அடுத்து ஆம்ப், ஐஆர், கடைசியில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 9-10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டு.

மேடையில் வைக்கிற கெயினில் மூணில் இரண்டு பங்குதான் ரெக்கார்டிங்கில் வேணும். ஒரே ரிதமை இரண்டு தடவை தனித்தனியா வாசிச்சு முழு இடம், முழு வலம் வையுங்க. ஒரு டேக்கை காப்பி பண்ணி இரண்டு பக்கமும் வெச்சா அது மோனோ, சத்தம்தான் கூடும். அகலம் வராது.

பேஸ் கிட்டாரை விட்டுடாதீங்க. மெட்டல் கேக்குறவங்க ‘கிட்டார் கனமா இருக்கு’ன்னு சொல்றதில் பாதிக்கு மேல் பேஸ்தான். அதை இரண்டு டிராக்காப் பிரிங்க: 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே சுத்தமா, நல்லா கம்ப்ரெஸ் பண்ணி, அதுக்கு மேலே டிஸ்டார்ஷன் போட்டு.

தஞ்சைத் தாளம்:

டிரம்ஸுக்கு நான் சொல்றேன். மெஷின் மாதிரி கேக்குறதுக்கு முதல் காரணம் வெலாசிட்டி (அடியின் பலத்தைச் சொல்ற எண், உச்சம் 127) எல்லாம் 127-இல் நிற்பது. ஸ்னேரின் முக்கிய அடி 115-125, கோஸ்ட் நோட் (நடுவில் மெல்ல விழுற அடி) 30-45. பிளாஸ்ட் பீட்டில் (ஸ்னேரும் கிக்கும் அதிவேகமா விழுற மெட்டல் தாளம்) மனுஷன் கை அவ்வளவு தூரம் ஓங்க முடியாது. அங்கே ஸ்னேர் 95-105-க்கு இறங்கணும். அதை இறக்காம விடறதுதான் காதுக்கு உடனே காட்டிக்கொடுக்குது. டபுள் கிக்கில் இடது காலை வலது காலை விட 5-8 குறைச்சுக்குங்க. 180 பிபிஎம்-மில் (நிமிஷத்துக்கு 180 துடிப்பு) பதினாறாம் நோட்னா நொடிக்கு 12 அடி. அந்த வேகத்தில் நேரத்தை ரொம்பக் கலைச்சா குழம்பும், 3-4 மில்லிசெகண்டுக்கு மேல் நகர்த்த வேண்டாம்.

இரண்டாவது, டிரம்மருக்கு இரண்டு கைதான். ஸ்னேர், க்ராஷ், ஹைஹேட் மூணும் ஒரே நொடியில் விழக் கூடாது. ஃபில் வாசிக்கும்போது ரைடு ஓடிக்கிட்டே இருக்கக் கூடாது. புரோகிராம் பண்ணினதை உட்கார்ந்து காற்றில் அடிச்சுப் பாருங்க, கை எட்டாத இடம் தானாத் தெரியும்.

கும்மோணம் அண்ணன் ஒத்துக்குவாரோ இல்லையோ, என் கருத்து: கிக்கும் ஸ்னேரும் புரோகிராம் இருக்கட்டும், சிம்பலை மட்டும் ஒரு நல்ல டிரம்மரை வெச்சு வாசிக்க வைங்க. செயற்கைத்தனம் அதிகமாத் தெரியுறது சிம்பலில்தான். இரண்டு கண்டென்சர் மைக், மேலே, ஸ்னேரின் நடுவிலிருந்து இரண்டுக்கும் சம தூரம்.

டெல்டாவில் இருந்துக்கிட்டு தவிலை விட்டுடாதீங்க. பாட்டு முழுக்க வேண்டாம், பிரேக்டவுனில் (வேகம் குறைஞ்சு கனமாகிற இடம்) நாலு ஆவர்த்தனம் போதும். வலந்தலைக்கு ஒரு ஷூர் எஸ்எம்57 மைக், ஒரு முழம் தள்ளி. தொப்பிக்கு ஒரு டைனமிக் மைக். இரண்டு மைக்கும் எதிரெதிரே நிற்பதால் ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பிப் பாருங்க, எதில் அடி கனமாக் கேக்குதோ அதை வையுங்க. விரல் கூடு வலந்தலையில் விழுற சத்தம் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸில் வெட்டும், டிஸ்டார்ஷன் கிட்டாரும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். தவில் வர்ற இடத்தில் கிட்டாரை அந்தப் பகுதியில் 3 டெசிபெல் இறக்குங்க, அல்லது கிட்டாரை நிறுத்தியே விடுங்க. நான் நிறுத்தத்தான் சொல்வேன். வித்வானுக்கு கிளிக் கொடுக்கும்போது வெறும் ‘டக் டக்’ வேண்டாம், ரிஃப்பையே காதில் போடுங்க. அவர் கணக்கு அதில்தான் நிற்கும்.

தரங்கை வாசகர்:

உரிமை பற்றிய கேள்விக்கு விரிவாக எழுதுகிறேன், பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

ஒரு பாட்டில் மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன: வரிகள், இசை, ஒலிப்பதிவு. 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் ‘இசைப் படைப்பு’ என்பதற்குள் வரிகள் வராது. ஒலிப்பதிவின் உரிமை, அந்தப் பதிவைச் செய்யும் முயற்சியையும் பொறுப்பையும் ஏற்ற தயாரிப்பாளருடையது. பேண்டின் பொதுப் பணத்தில் பதிவு செய்திருந்தால் அந்தப் பழைய பதிவை நீங்கள் எடுத்துப் பயன்படுத்த வேண்டாம். வரியும் மெட்டும் முழுக்க உங்களுடையவை என்றால், எழுத்தில் கையெழுத்திட்டு யாருக்கும் மாற்றிக்கொடுக்கவில்லை என்றால், புதிதாகப் பதிவு செய்ய எவர் அனுமதியும் தேவையில்லை. வாய்ப்பேச்சில் உரிமை மாறாது, எழுத்தும் கையெழுத்தும் வேண்டும்.

ரிஃப் உங்களுடையது, நடுப்பகுதி இன்னொருவருடையது, இரண்டையும் பிரிக்க முடியாது என்றால் அது கூட்டுப் படைப்பு. எல்லோருடைய சம்மதமும் வேண்டும். சட்டத்தின் 31சி பிரிவில் கவர் வெர்ஷனுக்கு வழி உண்டு. ஆனால் முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், ஒரு படைப்புக்கு ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியும் கட்ட வேண்டும். தனி ஆளுக்கு அது கட்டுப்படியாகாது. நல்லபடி பிரிந்திருக்கிறீர்கள், அது பெரிய வரம். இப்போதே ஒரு பக்கத் தாளில் பாட்டின் பெயர், வரி யார், இசை யார், யாருக்கு எத்தனை சதவீதம், இரு தரப்பும் பதிவு செய்யலாமா என்று எழுதி அனைவரும் கையெழுத்திடுங்கள். ஒருவரிடம் புகழ் சேர்ந்த பிறகு இந்தத் தாளுக்குக் கையெழுத்து வாங்குவது கடினம்.

கீர்த்தனைக்கு வருவோம். இந்தியாவில் எழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரைதான் உரிமை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1774-இல் பிறந்து 1864-இல் மறைந்தவர். அவர் வரிகள் பொதுச்சொத்து, அனுமதி வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் கேட்டு வளர்ந்த மெட்டு பிற்காலத்தவர் அமைத்ததாக இருக்கலாம், அந்த ஒலிப்பதிவுக்கும் தனி உரிமை இருக்கலாம். வரிகளைப் பழைய அச்சுப் பதிப்பிலிருந்து எடுத்து, மெட்டை நீங்களே அமைப்பது பாதுகாப்பு.

கிரெடிட் போடும்போது ஒரு கவனம். மாயவரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை (1826-1889) வேறொருவர். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் அவருடையவை. இணையத்தில் இருவரையும் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். சரபோஜி அவையில் இருந்தவரும் பெத்லகேம் குறவஞ்சி பாடியவரும் சாஸ்திரியார்தான்.

சங்கீதங்களைப் பொறுத்தவரை, 1995-இல் வந்த திருவிவிலியம் போன்ற புது மொழிபெயர்ப்புகளின் வரிகளை அப்படியே வைத்தால் வெளியீட்டாளரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். கருத்தை மட்டும் வாங்கி உங்கள் சொல்லில் எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை, பாட்டும் நன்றாக இருக்கும். 88-ஐத் தேர்ந்ததற்கு மனமாரப் பாராட்டுகிறேன். மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பும். இது இருளிலேயே முடிகிறது. தயவுசெய்து முடிவில் ஒரு மகிழ்ச்சியான கோரஸை ஒட்டாதீர்கள்.

பெயர் பற்றி: கிட்டாரிஸ்ட் பிரையன் ‘ஹெட்’ வெல்ச் 2005-இல் கார்ன் என்ற அமெரிக்க மெட்டல் பேண்டை விட்டார், 2008-இல் சொந்தப் பெயரில் ஆல்பம் போட்டார், பிறகு அதையே லவ் அண்ட் டெத் என்ற பேண்டாக மாற்றி 2013-இல் அடுத்த ஆல்பம் கொண்டுவந்தார். சொந்தப் பெயர் சாட்சியத்துக்குப் பொருந்தும், மற்றவர்கள் வந்து சேர இடம் தராது. மார்ட்டிஃபிகேஷன் என்ற ஆஸ்திரேலியக் கிறிஸ்தவ மெட்டல் பேண்டில் டிரம்மராக இருந்த ஜேசன் ஷெர்லாக் 1994-இல் ஹோர்ட் என்ற பெயரில் எல்லாக் கருவியையும் தாமே வாசித்து, தம் பெயரைப் போடாமலே ஆல்பம் வெளியிட்டார். அங்கே ஆளைவிடப் படைப்பு முன்னே நின்றது. உங்களுக்கு ப்ராஜெக்ட் பெயர்தான் ஏற்றது என்பேன், நாளை மேடை ஏற ஆட்கள் தேவைப்படும். ஸ்ட்ரீமிங் தளங்களில் அதே பெயரில் வேறு கலைஞர் இல்லை என்று பார்த்துவிட்டு வையுங்கள். இருந்தால் உங்கள் பாட்டு அவர் பக்கத்தில் போய் உட்காரும், மீட்க வாரக்கணக்கில் ஆகும்.

சாப்பு ஏழு:

ராகம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் வருகிறேன்.

கீர்த்தனையை மெட்டலாக்கும்போது பெரும்பாலோர் மாட்டுவது கார்டில். டிஸ்டார்ஷனில் இரண்டு சுரம் சேர்ந்து ஒலித்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய சுரங்களாக முளைக்கும். சட்ஜமும் பஞ்சமமும் 3:2 விகிதம், முளைப்பதும் சுருதிக்குள் விழும். அதனால்தான் பவர் கார்ட் சுத்தமாகக் கேட்கிறது. அந்தர காந்தாரத்தைச் சேர்த்த முழு கார்டை அதே கெயினில் அடித்தால் சேறாகிவிடும். மாயாமாளவகௌளையில் ஒரு பாட்டு என்றால் ரிஃப்பில் சட்ஜம், பஞ்சமம், சுத்த ரிஷபம். காந்தாரமும் காகலி நிஷாதமும் லீடுக்கும் குரலுக்கும். சட்ஜமத்திலிருந்து சுத்த ரிஷபத்துக்கு ஒரு ஃப்ரெட் தாவுவதே மெட்டலுக்குப் பாதி வேலையை முடித்துவிடும்.

புலம்பலுக்கு தோடி சரியாக வரும் என்று தோன்றும். சுர வரிசை மெட்டல்காரர்கள் ஃப்ரிஜியன் என்று சொல்லும் மேற்கத்திய சுர வரிசைதான். ஆனால் தோடியின் உயிர் கமகத்தில், அதாவது சுரத்தை அசைப்பதில், இருக்கிறது, அதிகக் கெயினில் ஒற்றைக் கம்பியில் மட்டும்தான் அது பிழைக்கும். சிம்மேந்திரமத்யமமும் கீரவாணியும் ரிஃப்புக்கு இன்னும் இணக்கம்.

தாளத்தை மாற்றாதீர்கள். மிஸ்ர சாப்பில் உள்ள பாட்டை நான்குக்கு இழுத்தால் சொல் உடையும். மூன்றும் நான்குமாக ஏழை அப்படியே ரிஃப்பில் வையுங்கள். கிக் ‘தகிட’வில் மூன்று, ‘தகதிமி’யில் முதலும் மூன்றும். பல்லவியை முழு பேண்டும், சரணத்தைக் குரலும் பேஸும் மட்டும் எடுத்தால் வரிகள் கேட்கும்.

பொறையாறு ரிஃப்:

அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி. 56 கம்பி ஆர்டர் போட்டாச்சு, பேண்ட் நண்பர்கள் தாளில் கையெழுத்துப் போடச் சம்மதிச்சுட்டாங்க. இன்னும் இரண்டு: க்ரௌலில் (மெட்டலின் உறுமல் குரல்) தமிழ் புரிய மாட்டேங்குது, என்ன பண்ணலாம்? கிறிஸ்துமஸுக்கு வெளியிடலாமா?

கும்மோணம் கேபினட்:

க்ரௌலில் உச்சரிப்பைத் தூக்கி நிறுத்துறது வல்லினம்தான். க்க, ட்ட, த்த, ப்ப வர்ற சொற்களை அடி விழுற இடத்தில் வையுங்க. ங, ஞ, ண, ம எல்லாம் அந்தக் குரலில் கரைஞ்சிடும். ஆ, ஓ திறந்து வரும், ஈ மெலியும். நீட்டுற இடத்தில் நெடில் மட்டும் வையுங்க; குறிலை நீட்டினா ‘விடு’ போய் ‘வீடு’ ஆயிடும், வேண்டுதலே மாறிடும். பல்லவியைச் சுத்தக் குரலிலும் சரணத்தை க்ரௌலிலும் பாடினா, பல்லவி புரிஞ்ச கையோட மீதியும் புரியும்.

மைக் 5 செ.மீ. தூரம், பாப் ஃபில்டர் கட்டாயம். பத்து நிமிஷம் குரலைச் சூடாக்கிட்டு ஆரம்பிங்க, முக்கால் மணிக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம். தொண்டையில் வலி வந்தா முறை தப்புன்னு அர்த்தம், அன்னைக்கு நிறுத்திடுங்க. மழைக்காலத்தில் ராத்திரி தவளைச் சத்தம் மைக்கில் ஏறும். கம்ப்ரெஷன் போட்டதும் வரிக்கு நடுவில் அதுதான் முன்னால் வந்து நிற்கும். ஓட்டு வீட்டில் பகலில், மழை இல்லாத நேரத்தில் பாடுங்க.

தரங்கை வாசகர்:

கிறிஸ்துமஸ் வேண்டாம். அந்த மாதம் முழுக்க ஆலயங்களும் குழுக்களும் பாட்டு வெளியிடுவார்கள், புலம்பல் சங்கீதத்துக்கு அங்கே காது இருக்காது. இந்தப் பாடல்களுக்கு உரிய காலம் தவக்காலம்.

முதன்மை வகை ‘மெட்டல்’, இரண்டாவது ‘கிறிஸ்டியன்’ என்று கொடுங்கள். மாற்றிக் கொடுத்தால் ஆராதனைப் பாடல் கேட்பவர்களிடம் போய்ச் சேரும், அவர்கள் முதல் பிளாஸ்ட் பீட்டிலேயே தாண்டிவிடுவார்கள். அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல். மாஸ்டர் மைனஸ் 9 எல்யூஎஃப்எஸ் (சராசரி ஒலியளவின் அலகு) அளவில், ட்ரூ பீக் மைனஸ் 1. ஸ்பாட்டிஃபை எப்படியும் மைனஸ் 14-க்கு இறக்கும், அதனால் இன்னும் நசுக்கி லாபமில்லை. பிளேலிஸ்ட் விண்ணப்பம் வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பு போக வேண்டும். அதற்கே பாட்டு தளத்தில் ஏறியிருக்க வேண்டும், ஆகவே நான்கு வாரம் முன்பு விநியோகஸ்தரிடம் கொடுங்கள். வரி, இசை எழுதியவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் வரிக்கும் இசைக்கும் உறுப்பினராகப் பதிந்துகொள்ளுங்கள்.

மேடை நிகழ்ச்சியை உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு வையுங்கள், தவக்காலத்தில் ஆலய அரங்கம் கிடைப்பது கடினம். அந்த அரங்கங்களில் எதிரொலி நீளம், 180 பிபிஎம் டபுள் கிக் வெறும் உறுமலாகிவிடும். அங்கே வாசிக்க பேக்கிங் டிராக்கில் கிக்கைக் குறைத்து, கிட்டாரை 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிய தனி மிக்ஸ் ஒன்று செய்துகொள்ளுங்கள். இடது சேனலில் கிளிக், வலதில் டிராக். கிளிக் உங்கள் காதுக்கு மட்டும்.

சாம்பல் புதன் ஆண்டுக்கு ஆண்டு பிப்ரவரி 4-க்கும் மார்ச் 10-க்கும் இடையே நகரும். நாட்காட்டியில் பார்த்து, அதிலிருந்து நான்கு வாரம் பின்னால் எண்ணுங்கள். பெரும்பாலும் பொங்கலை ஒட்டியே மாஸ்டர் தயாராக இருக்க வேண்டியிருக்கும்.